அறியா வினா: கரிசல் பள்ளிகளுக்கு ஆங்கில வாக்கியம் வந்த வழி

1

பல ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு தனியார் நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். எதிரே மூன்று பேர் அமர்ந்திருந்தார்கள். கேட்ட கேள்விகளுக்கெல்லாம் தட்டுத்தடுமாறியாவது ஆங்கிலத்தில் பதில் சொல்லிவிட்டேன். கடைசியாக, நடுவில் இருந்தவர் கோப்பை மூடிவைத்துவிட்டு, எங்களிடம் நீங்கள் கேட்க விரும்புவது ஏதேனும் உண்டா என்றார். உண்டு. சம்பளம் எவ்வளவு, வேலை எந்த ஊரில், தங்குவதற்கு இடம் தருவார்களா என்றெல்லாம் வழிநெடுகப் பேருந்தில் யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தேன். ஆனால் நாக்கில் ஒரு வினா வாக்கியம்கூட உருவாகவில்லை. ‘நோ சார்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், செய்தி வாக்கியத்தை வினா வாக்கியமாக மாற்றும் கேள்வியில் பள்ளி நாட்களில் நான் மதிப்பெண் இழந்ததே இல்லை. தனி வாக்கியத்தைக் கலவை வாக்கியமாக்குவேன். கலவையைத் தொடர் வாக்கியமாக்குவேன். ‘டூ’ வந்தால் ‘ஸோ... தட்’ போட்டு, எதிர்மறையைச் சேர்க்க வேண்டும் என்கிற சூத்திரம் இன்றும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வாக்கியங்களை மாற்றத் தெரிந்த எனக்கு, எனக்குத் தேவைப்பட்ட ஒரு வாக்கியத்தை உருவாக்கத் தெரியவில்லை. அது என் தனிப்பட்ட கூச்சம் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். பின்னால் வாசிக்க வாசிக்க, அந்த மௌனத்துக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்கால வரலாறு இருக்கிறது என்பது புலப்பட்டது. இக்கட்டுரை அந்த வரலாற்றை ஓரளவு தொகுத்துப் பார்க்கும் முயற்சி.

என் ஊர் மல்லாங்கிணற்றுக்குப் பக்கம். விருதுநகரிலிருந்து காரியாபட்டி செல்லும் பாதையில் உள்ள மல்லாங்கிணற்றை இலக்கிய வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எஸ். ராமகிருஷ்ணனும் தமிழச்சி தங்கபாண்டியனும் பிறந்த ஊர். இருவருமே ஆங்கில இலக்கியம் பயின்றவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. தமிழச்சி சென்னை ராணி மேரிக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்தவரும்கூட. மழையை நம்பிப் பருத்தியும் சோளமும் விதைக்கிற கரிசல் ஊர் ஒன்றிலிருந்து கிளம்பி ஆங்கிலத்தின் வழியே உலக இலக்கியத்தைத் தொட்டுத் தமிழுக்குத் திரும்பியவர்கள் இவர்கள். அதே வட்டாரத்தில், அதே ஆங்கிலம் பத்தாம் வகுப்போடு பலரை வாயடைக்கச் செய்து திருப்பி அனுப்பியும் இருக்கிறது. இவ்விரண்டும் ஒரே மண்ணில் நிகழ்ந்தவை என்பதால்தான் இந்தக் கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது.

2

பள்ளியில் ஆங்கில வாக்கியங்களை இரண்டு விதமாகப் பிரித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பொருள்நோக்கில் நான்கு: செய்தி, வினா, கட்டளை, உணர்ச்சி. அமைப்புநோக்கில் மூன்று: தனி, தொடர், கலவை. இதே பிரிவுகள் தமிழ்ப் பாடநூலின் இலக்கணப் பகுதியிலும் இருந்தன. ஆகவே இவை நம் மரபிலக்கணத்திலிருந்தே வந்தவை என்றுதான் எங்களில் பலர் எண்ணியிருந்தோம். உண்மையில் நன்னூலைப் புரட்டினால் இந்தப் பட்டியல் கிடைக்காது. கிடைப்பது வேறொன்று.

பவணந்தி முனிவர் வினாவை ஆறாகப் பிரிக்கிறார்: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. விடை தெரிந்த ஆசிரியர் மாணவனிடம் கேட்பது அறிவினா. தெரியாதவன் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. அந்தியில் தூரத்தில் நிற்பது ஆளா, பனையா என்று கேட்பது ஐய வினா. கடைக்காரரிடம் துவரம்பருப்பு இருக்கிறதா என்பது கொளல். கையில் குடையை வைத்துக்கொண்டு உன்னிடம் குடை இருக்கிறதா என்பது கொடை. மாட்டுக்குத் தண்ணீர் வைத்தாயா என்று அப்பா கேட்டால் அது ஏவல். வடிவத்தில் இவை அனைத்தும் ஒன்றே. கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் இடையே என்ன இருக்கிறது, யாருக்கு எது தெரியும், யாரிடம் எது இல்லை என்பதை வைத்துத்தான் நன்னூல் இவற்றைப் பிரிக்கிறது.

விடைக்கு எட்டு வகை. நாளைக்குக் களையெடுக்க வருகிறாயா என்று ஒருத்தியைக் கேட்டால், வருகிறேன், வரவில்லை என்பவை நேரடியான விடைகள். ஆனால் அவள் ‘நீ போ’ என்று ஏவலாம், ‘வராமல் இருப்பேனா?’ என்று எதிர்வினா கேட்கலாம். ‘இடுப்பு வலிக்கிறது’ என்று உற்றதைச் சொல்லலாம். ‘இடுப்பு வலிக்கும்’ என்று உறுவதைச் சொல்லலாம். ‘வேண்டுமானால் விறகு பொறுக்கித் தருகிறேன்’ என்று இனமான வேறொன்றைச் சொல்லலாம். இவையும் விடைகளே என்கிறது இலக்கணம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலே வினாவையும் செப்பையும் வழுவாமல் காப்பது பற்றிப் பேசுகிறது. வினாவே விடையாக வருவதையும் ஏற்றுக்கொள்கிறது. நம் இலக்கணிகளுக்கு வாக்கியம் என்பது இருவருக்கு நடுவே நிகழ்வது. தாளில் தனியே கிடப்பதல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓலைச்சுவடியில் வினாக்குறி கிடையாது. ஆ, எ, ஏ, ஓ, யா என்னும் வினா எழுத்துகளே போதுமானவையாக இருந்தன. வினாக்குறியும் ஏனைய நிறுத்தற்குறிகளும் அச்சோடும் ஐரோப்பியர்களோடும் வந்தவை. அவற்றோடு சேர்ந்து, வாக்கியத்தைத் தனியே எடுத்து மேசைமேல் கிடத்தி அறுத்துப் பார்க்கும் முறையும் வந்தது.

3

அந்த முறையின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. லிண்ட்லி மர்ரே அமெரிக்காவில் பிறந்த வழக்கறிஞர். உடல்நலம் குன்றி இங்கிலாந்தின் யார்க் நகரில் குடியேறியவர். அங்கிருந்த ஒரு பெண்கள் பள்ளிக்காக அவர் எழுதிய ஆங்கில இலக்கணம் 1795ல் வெளியானது. அடுத்த அரை நூற்றாண்டுக்கு ஆங்கிலம் கற்பிக்கப்பட்ட இடங்களிலெல்லாம் அந்நூலும் அதன் சுருக்கப் பதிப்புகளும் புழங்கின, இந்தியாவிலும்தான். 1797ல் அவர் ஒரு பயிற்சி நூலையும் வெளியிட்டார். வேண்டுமென்றே பிழையாக எழுதப்பட்ட வாக்கியங்களை மாணவர்கள் திருத்த வேண்டும். நம் வினாத்தாள்களில் இன்றும் நிற்கும் ‘பிழை திருத்துக’ பகுதிக்கு வயது இருநூறைத் தாண்டிவிட்டது.

மர்ரேவிடம் வாக்கியம் இரண்டே வகைதான்: தனி, கூட்டு. மூன்றாவதான ‘கலவை’ ஜெர்மனியிலிருந்து வந்தது. கார்ல் ஃபெர்டினாண்ட் பெக்கர் மருத்துவராக இருந்து மொழியாய்வுக்கு வந்தவர். மொழியை ஓர் உயிருடலாகக் கண்டவர். ஒரு வாக்கியத்துக்குள் இன்னொரு வாக்கியம் பெயராகவோ பெயரடையாகவோ வினையடையாகவோ உறுப்புப்போல வேலை செய்கிறது என்று அவர் விளக்கினார். அந்த முறையைத் தழுவி ஜே. டி. மாரெல் என்னும் ஆங்கிலப் பள்ளி ஆய்வாளர் 1852ல் வாக்கியப் பகுப்பாய்வு பற்றி ஒரு நூல் எழுதினார். தலைமை வாக்கியம், சார்பு வாக்கியம் என்று நாம் கோடிட்டுப் பிரித்தோமே, அதன் வேர் இங்கே இருக்கிறது.

இவர்கள் எவரும் ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதவில்லை என்பது முக்கியம். யார்க்கில் படித்த சிறுமிக்கு ஆங்கிலத்தில் கேள்வி கேட்கத் தெரியும். தாயிடம் பாலும் பண்டமும் கேட்டு வளர்ந்தவள் அவள். ஏற்கெனவே பேசிக்கொண்டிருக்கும் மொழியைத் திருத்தமாக எழுதவும் அதன் உள்ளமைப்பை அறியவும்தான் அவளுக்கு இலக்கணம். நீந்தத் தெரிந்தவளுக்கு நீரின் இயல்பைச் சொல்லிக்கொடுப்பது போன்றது அது. அதே புத்தகம் கடல் கடந்து, தண்ணீரையே பார்க்காத ஒருவனிடம் நீச்சல் பாடமாகக் கொடுக்கப்பட்டது.

4

எங்கள் வட்டாரத்துக்கு அந்தப் பாடம் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர்கள். 1834ல் தொடங்கப்பட்ட அந்த மிஷன் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் கிளைபோல வளர்ந்தது. 1823ல் உருவான வட்டுக்கோட்டை குருமடத்தின் முதல் தலைவராக இருந்த டேனியல் பூவர் 1830களில் மதுரைக்கு வந்து பள்ளிகளைத் திறந்தார். 1842ல் திருமங்கலத்தில் தொடங்கிய குருமடம் 1845ல் பசுமலைக்கு மாறியது. இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள மண்டபசாலை அந்த மிஷனின் நிலையங்களுள் ஒன்று.

மிஷனரிகளுக்கு ஆங்கிலம் குறித்து ஒரு தீராத தயக்கம் இருந்தது. ஆங்கிலம் படித்த மாணவர்கள் கிராமத்துக்குத் திரும்பிப் போதகர்களாவதற்குப் பதில் அரசு வேலைகளைத் தேடிச் சென்றார்கள். 1854–55ல் பாஸ்டனிலிருந்து வந்த ரூஃபஸ் ஆண்டர்சன் தலைமையிலான குழு, தாய்மொழிக் கல்வியே போதும் என்ற முடிவுக்கு வந்தது. வட்டுக்கோட்டை குருமடம் 1855ல் மூடப்பட்டது. சரியாக அதற்கு இரண்டாண்டுகள் கழித்து, 1857ல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதன் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அந்த மூடப்பட்ட குருமடத்தின் மாணவர்கள் என்பது வரலாற்றின் நகைமுரண். ஆங்கிலம் என்பது கொடுப்பவர் விரும்பினால் திறந்து, விரும்பாவிட்டால் மூடும் கதவாக இருந்தது.

அக்காலத்துப் பாடநூல்களின் வடிவத்தையும் இங்கே கவனிக்கலாம். கிறித்தவ ஞானோபதேசத்திலிருந்து வந்த வினாவிடை வடிவம் பாடநூல்களின் பொது வடிவமாகியது. ஜி. யு. போப் தமிழ் இலக்கணத்தையே வினாவிடையாக எழுதினார். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, பீட்டர் பெர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், மிஷனரிகளை அவர்களுடைய ஆயுதத்தாலேயே எதிர்கொண்டார். அவருடைய சைவ வினாவிடையும் இலக்கண வினாவிடையும் அவ்வாறு பிறந்தவை. தமிழ் உரைநடைக்கு இவ்வடிவம் செய்த நன்மை பெரிது. ஆனால் நன்னூலின் கண்கொண்டு பார்த்தால், வினாவிடை நூலில் உள்ள அத்தனை கேள்விகளும் அறிவினாக்கள். கேட்பவருக்கு விடை முன்பே தெரியும். விடை அடுத்த வரியிலேயே அச்சாகியிருக்கிறது. மாணவன் செய்ய வேண்டியது அதைத் திருப்பிச் சொல்வது மட்டுமே.

5

1889ல் விருதுபட்டியில் க்ஷத்திரிய வித்யாசாலை தொடங்கப்பட்டது. நாடார் வணிகர்கள் தங்களுக்குள் வசூலித்த மகமைப் பணத்தில் நடந்த பள்ளி. கோயில் நுழைவும் பொதுவழியும் மறுக்கப்பட்டிருந்த ஒரு சமூகம் எந்த மிஷனையும் அரசையும் எதிர்பாராமல் தன் பிள்ளைகளுக்கு நவீனக் கல்வியைத் தானே வாங்கிக் கொடுத்த முயற்சி அது. கடிதம் எழுதவும் தந்தி படிக்கவும் நீதிமன்றத் தீர்ப்பைப் புரிந்துகொள்ளவும் ஆங்கிலம் தேவைப்பட்டது. அவர்களுக்கு அது வாழ்வின் தேவை.

ஆனால் தேவை எதுவாயினும் தேர்வு ஒன்றுதான். மெட்ரிகுலேஷன் தேர்வை நோக்கியே பாடங்கள் நடந்தன. அத்தேர்வுக்கு உகந்த நூல்களை எழுதியவர்களில் முதன்மையானவர் ஜே. சி. நெஸ்ஃபீல்டு. வட மாகாணங்களில் கல்வித்துறை இயக்குநராக இருந்தவர். 1890களில் மாக்மில்லன் வெளியிட்ட அவருடைய இலக்கண வரிசை இந்திய மாணவர்களை நோக்கியே எழுதப்பட்டது. மாரெலின் பகுப்பாய்வு இங்கே இன்னொரு உருவம் பெற்றது. பிரித்துப் பார்ப்பதோடு நில்லாமல், பல வாக்கியங்களை ஒன்றாகச் சேர்ப்பதும் ஒருவகையை இன்னொரு வகையாக மாற்றுவதும் பெரும் பயிற்சிகளாயின. திருத்துபவருக்கு இது வசதி. ஆயிரம் பேர் எழுதினாலும் விடை ஒன்றே. பின்னர் 1930களில் வந்த ரென் அண்ட் மார்ட்டின் இந்த மரபின் உச்சம். அதன் முதல் பாடமே வாக்கியமும் அதன் நான்கு வகைகளும்தான். அதை எழுதிய இருவரில் பி. சி. ரென், ‘போ ஜெஸ்ட்’ என்னும் சாகச நாவலால் உலகப் புகழ்பெற்றவர். பாலைவனத்தில் பிரெஞ்சு அந்நியப் படையைப் பற்றி அவர் எழுதிய கதைகளை இன்று படிப்பவர் குறைவு. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தியப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருப்பது அவருடைய இலக்கணத்தை.

க்ஷத்திரிய வித்யாசாலையில் படித்த பிள்ளைகளில் ஒருவர் காமராஜர். தந்தையை இழந்து சிறுவயதிலேயே படிப்பை நிறுத்திக் கடைக்குச் சென்றவர். பள்ளியின் வாக்கியப் பயிற்சிகளுக்குள் முழுமையாக நுழையாமலே அவர் 1954ல் மாநிலத்தின் முதலமைச்சரானார். அவருடைய ஆட்சியில் கிராமந்தோறும் பள்ளிகள் திறந்தன. மதிய உணவும் வந்தது. கரிசல் காட்டுப் பிள்ளைகள் கூட்டங்கூட்டமாக வகுப்பறைக்குள் நுழைந்தது அப்போதுதான். அங்கே அவர்களுக்கு என்ன ஆங்கிலம் காத்திருந்தது?

6

அதைச் சொல்லும் முன் இரு மொழிகளின் வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். ‘மேகம் கறுத்ததும் அம்மா வெளியே வந்து, வாசலில் காய்ந்துகொண்டிருந்த பருத்திமாரை அள்ளிக் கொண்டுபோய் அடுப்படியில் போட்டாள்.’ இதில் முற்று ஒன்றே ஒன்று: போட்டாள். கறுத்தது, வந்தது, காய்ந்துகொண்டிருந்தது, அள்ளியது, கொண்டுபோனது எல்லாம் எச்சங்களாகக் கோத்துக் கிடக்கின்றன. ஏழு வயதுப் பிள்ளை மூச்சுவிடாமல் சொல்லும் வாக்கியம். இதையே ஆங்கிலத்தில் சொன்னால் ‘வென்’ என்று ஒரு சார்பு வாக்கியம், ‘விச்’ என்று இன்னொன்று, நடுவே ‘அண்ட்’ போட்ட இணைப்புகள் என்று இலக்கணப் புத்தகத்தின் கடைசி அத்தியாயம்வரை போக வேண்டியிருக்கும். தமிழில் அடைமொழி முன்னால் வரும்: நேற்று வந்த பையன். ஆங்கிலத்தில் பையன் முதலில் வருவான்; நேற்று வந்தது பிறகு, ‘ஹூ’வின் வாலைப் பிடித்துக்கொண்டு வரும். தனி, தொடர், கலவை என்னும் ஏணி ஆங்கிலத்தின் உடலுக்கு அளவெடுத்துச் செய்தது. தமிழ்ப் பிள்ளையின் மனத்தில் கலவையான எண்ணம் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஆங்கிலத்தில் எப்படி விரிப்பது என்றுதான் அவனுக்குக் காட்டவேண்டும். நாம் அவனை முதற்படியில் நிறுத்தி எளிய எண்ணங்களை மட்டும் எண்ணச் சொன்னோம்.

வினாவிலும் அப்படியே. தமிழில் எந்தச் சொல்லோடும் ‘ஆ’ சேர்த்தால் போதும். நீ நேற்றா வந்தாய், நீயா நேற்று வந்தாய், நீ நேற்று வந்தாயா என்று ஐயம் எங்கே இருக்கிறதோ அங்கே விரல் வைக்கலாம். சொற்கள் இடம் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் துணைவினை எழுந்து எழுவாய்க்கு முன்னே வரவேண்டும். துணைவினை இல்லையென்றால் பொருளேதுமற்ற ‘டூ’ ஒன்றை வரவழைக்க வேண்டும். இந்த ‘டூ’ ஆங்கிலத்திலேயே பழையதல்ல. பதினாறாம் நூற்றாண்டில் பெருகிப் பின்னர் விதியாக உறைந்தது. ஷேக்ஸ்பியர் அது இல்லாமலும் கேள்வி கேட்டிருக்கிறார். ‘இல்லையா’ என்ற ஒரே சொல்லை நாம் எல்லா வாக்கியத்தின் வாலிலும் ஒட்டுகிறோம். ஆங்கிலத்திலோ வாக்கியத்துக்கு வாக்கியம் வால் மாறும். அந்த வால்களுக்கென்றே ஒரு மதிப்பெண் ஒதுக்கப்பட்டிருந்தது.

கட்டளையில் நேர்ந்தது இன்னும் துயரமானது. தமிழில் போ, போங்கள், போகட்டும், வாழ்க என்று வினையிலேயே மதிப்பும் நெருக்கமும் அமைந்துவிடும். ஆங்கில வினையில் அது இல்லை; ஆகவே ஆங்கிலேயர் கட்டளையை வினாவுக்குள் மறைத்துச் சொல்கிறார்கள். நன்னூல் சொன்ன ஏவல் வினாவேதான். ஆனால் கட்டளைக்குக் கட்டளை வாக்கியம் என்று படித்துவந்த எங்கள் பையன்கள் அலுவலகத்தில் மேலாளரிடம் ‘கிவ் மீ லீவ்’ என்றார்கள். மனத்தில் இருந்தது பணிவு. காதில் விழுந்தது அதட்டல். அவர்கள் இலக்கணப் பிழை எதுவும் செய்யவில்லை.

இங்கே ஒரு சிறு விலகல். சிவகாசி வட்டாரத்தில் பிள்ளைகள் முதலில் பார்த்த ஆங்கில வாக்கியங்கள் பாடநூலில் இருந்தவை அல்ல. பட்டாசுப் பெட்டியில் இருந்தவை. தள்ளி நில், கையில் பிடிக்காதே, திறந்த வெளியில் வெடி. எல்லாம் கட்டளைகள். பள்ளிக்குப் போயிருக்க வேண்டிய வயதில் தீப்பெட்டி ஒட்டவும் பட்டாசுக்குத் தாள் சுற்றவும் போன பிள்ளைகள் ஏராளம். 1986ல் சட்டம் வந்தது, 1996ல் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் வந்தது. தாங்கள் படிக்க இயலாத கட்டளைகளைத் தங்கள் விரல்களாலேயே ஒட்டிய பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய தம்பி தங்கைகள்தான் எங்கள் வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

7

இனி 1950களுக்கு வருவோம். இலக்கணச் சூத்திரங்களால் பயனில்லை என்று உணர்ந்த கல்வியாளர்கள் சென்னை மாநிலத்தில் அமைப்புமுறைப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். சூத்திரம் வேண்டாம், வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து கடினத்துக்கு அடுக்கி, பேச்சுப் பயிற்சியால் பதியவைப்போம் என்பது அதன் அடிப்படை. ஹெரால்டு பாமர் வகுத்த மாற்று அட்டவணைகளும் ஏ. எஸ். ஹார்ன்பியின் வாக்கிய அமைப்புப் பட்டியல்களும் இதன் பின்னணி. ஆசிரியர்களுக்கு இதைக் கற்பிக்க 1959ல் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையுடன் ஒரு பேரியக்கம் தொடங்கியது. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் பலருக்குப் பயிற்சி, அந்தப் பலர் மேலும் பலருக்கு என்று உருண்டு பெருகும் திட்டம். இலக்கு 27,000 ஆசிரியர்கள். கற்பித்தல் வரலாற்றில் இது ‘மெட்ராஸ் பனிப்பந்து’ என்று பெயர் பெற்றிருக்கிறது. பனியே விழாத ஊருக்கு எவ்வளவு பொருத்தமான பெயர்!

அந்த இயக்கத்தின் நல்லெண்ணத்தை ஐயப்பட வேண்டியதில்லை. கிராமத்து ஆசிரியரின் வாயில் ஆங்கிலத்தை ஏற்றியது அதுதான். ஆனால் வகுப்பில் நடந்தது என்ன? ஆசிரியர் ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டி ‘வாட் இஸ் திஸ்?’ என்பார். நாற்பது பிள்ளைகளும் ‘திஸ் இஸ் எ புக்’ என்று கத்துவார்கள். அது புத்தகம் என்று அவருக்கும் தெரியும், நாற்பது பேருக்கும் தெரியும். சூத்திரம் போய்ப் பயிற்சி வந்தது. அறிவினா மட்டும் அப்படியே இருந்தது. பனிப்பந்து உருண்டு உருண்டு கடைசிப் பள்ளிக்கு வந்துசேர்ந்தபோது அந்தப் பயிற்சியும் தேய்ந்து, கரும்பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யும் இன்னொரு பாடமாகியிருந்தது.

இதை மாற்றிப் பார்த்த ஒரு முயற்சியும் நம் பக்கத்திலேயே நடந்தது. என். எஸ். பிரபு அப்போது சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் ஆங்கிலக் கல்வி அலுவலர். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை, கடலூர் போன்ற ஊர்களின் சாதாரணப் பள்ளிகளில் அவரும் நண்பர்களும் ஒரு சோதனை செய்தார்கள். வாக்கிய வகைகளைக் கற்பிப்பதில்லை, அமைப்புகளை வரிசைப்படுத்துவதில்லை. ரயில் கால அட்டவணை ஒன்றைக் கொடுத்து, இன்ன நேரத்துக்குள் இந்த ஊருக்குப் போக எந்த வண்டியைப் பிடிக்க வேண்டும் என்று கேட்பார்கள். வரைபடத்தைக் கொடுத்து வழி கண்டுபிடிக்கச் சொல்வார்கள். கவனம் முழுவதும் பொருளில் இருக்கும்போது இலக்கணம் மனத்துக்குள் தானாக அமைகிறது என்பது பிரபுவின் கருத்து. அவர் செயல்களை மூன்று விதமாகப் பிரித்தார்: தகவல் இடைவெளி, தர்க்க இடைவெளி, கருத்து இடைவெளி. ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியாமல் இருப்பது முதலாவது. கையில் உள்ளவற்றிலிருந்து தெரியாததை யோசித்துக் கண்டடைவது இரண்டாவது. பிரபு அதிகம் நம்பியது இதைத்தான்.

மூன்றிலும் பொதுவான சொல் இடைவெளி. தெரிந்ததற்கும் தெரியாததற்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் அறியா வினா பிறக்கிறது. பவணந்தியின் பட்டியலில் இரண்டாவதாக நின்றதை வகுப்பறைக்குள் கொண்டுவர எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் ஒரு சோதனை தேவைப்பட்டது என்று எனக்குத் தோன்றியது. பிரபு நன்னூலை வைத்து யோசித்தார் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் வெவ்வேறு திசைகளிலிருந்து ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன, அவ்வளவே.

1985ல் பெரெட்டாவும் டேவிஸும் அந்தச் சோதனையை மதிப்பிட்டார்கள். அமைப்புமுறையில் படித்தவர்கள் அமைப்புத் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். செயல்முறையில் படித்தவர்கள் செயல்முறைத் தேர்வில் நன்றாகச் செய்தார்கள். மொத்தத்தில் பிரபுவின் முறைக்கு ஓரளவு ஆதரவான முடிவு. 1987ல் அவர் எழுதிய நூலின் வழியாக உலகமெங்கும் செயல்வழி மொழிக் கற்பித்தலின் முன்னோடியாக இந்தத் திட்டம் பேசப்படுகிறது. நம் வினாத்தாள்களோ நெஸ்ஃபீல்டிடமிருந்து வெகுதூரம் வந்துவிடவில்லை. தேர்வு எதைக் கேட்கிறதோ அதைத்தான் வகுப்பு கற்பிக்கும்.

8

இலக்கணமே வேண்டாம் என்பதல்ல என் வாதம். தனி, தொடர், கலவை என்ற பாகுபாடு ஓர் அழகான அறிவு. பிற்காலத்தில் ஆங்கில நாவல்களைப் படிக்கத் தொடங்கியபோது, அரைப்பக்கம் நீளும் ஒரு வாக்கியத்தில் தலைமை வினை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிப் பிடிக்க உதவியது பள்ளியில் கற்ற அந்தப் பகுப்பாய்வுதான். அதற்காக எங்கள் ஆசிரியர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அவர்களுக்கும் யாரும் ஆங்கிலத்தில் கேள்வி கேட்க வாய்ப்புக் கொடுத்திருக்கவில்லை. கேட்கப்படுகிறவர்களாகவே வளர்ந்தவர்கள், எங்களையும் கேட்கப்படுகிறவர்களாக வளர்த்தார்கள்.

வினா வாக்கியத்தை உருவாக்கத் தெரிவது வேறு, வினவத் தெரிவது வேறு. முன்னதற்கு விதி போதும். பின்னதற்கு, எனக்குத் தெரியவில்லை என்று பிறர் முன்னால் சொல்லும் துணிவும், கேட்டால் பதில் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டும். சம்பளம் எவ்வளவு என்று கேட்பது இலக்கணப்படி மிக எளிய வினா. அதைக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று நான் நினைக்கவில்லை என்பதே உண்மை.

சென்ற கோடையில் ஊருக்குப் போயிருந்தபோது, ஆறாம் வகுப்பு படிக்கும் அண்ணன் மகள் ஆங்கில வீட்டுப்பாடத்தோடு வந்து உட்கார்ந்தாள். பத்துச் செய்தி வாக்கியங்களை வினா வாக்கியங்களாக மாற்ற வேண்டும். அதைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, என் சட்டைப்பையில் ஒரு பொருள் இருக்கிறது, ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டு அது என்னவென்று கண்டுபிடி என்றேன். முதலில் சிரித்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். ‘சித்தப்பா, இட் இஸ் பிக்?’ என்றாள். வினைச்சொல் எழுந்து முன்னால் வரவில்லை. நெஸ்ஃபீல்டு மதிப்பெண் கொடுத்திருக்க மாட்டார். நான் இல்லை என்றேன். ‘இட் இஸ் ஈட்டிங்?’ அதற்கும் இல்லை. ஏழாவது கேள்வியிலோ எட்டாவதிலோ, என் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு, ‘இஸ் இட் பேப்பர்?’ என்று அவள் கேட்டபோது ‘இஸ்’ தன் இடத்துக்குத் தானாக வந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. பேருந்துப் பயணச்சீட்டை வெளியே எடுத்துக் காட்டினேன்.

வீட்டுப்பாடம் அன்றிரவு முடியவில்லை. மறுநாள் காலை கிளம்பும்போது அவள் வாசலில் நின்று, எந்த ஊருக்கு, எத்தனை மணிக்கு, திரும்ப எப்போது என்று ஒவ்வொன்றாக ஆங்கிலத்திலேயே கேட்டாள். பாதிக்கு மேல் பிழை. ஆனால் எந்தக் கேள்விக்கும் விடை அவளுக்கு முன்பே தெரிந்திருக்கவில்லை.